அமுக்கமும் வெப்பமும்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் அனைவரும் கையால் உணர்ந்திருக்கிறோம். காற்றைச் சிறிய இடத்தில் நெருக்குவதால் பிறக்கும் சூடு அது. மோட்டார் எஞ்சினின் வலிமையும் தொல்லையும் இந்த ஓர் உண்மையிலிருந்தே தோன்றுகின்றன.

பிஸ்டன் கீழே நிற்கையில் சிலிண்டரில் உள்ள இடம், அது மேலேறியபின் எஞ்சும் இடத்தைப் போல் எத்தனை மடங்கோ, அதுவே அமுக்க விகிதம். ('அழுத்தம்' என்று எழுதினால் வேறு பொருளாகிவிடும், மொழிபெயர்ப்புத் தொழிலில் நம் உறக்கத்தைக் கெடுப்பவை இத்தகைய சொற்களே.) விகிதம் 5 ஆயின், ஏட்டுக் கணக்கின்படி எரிபொருளின் வெப்பத்தில் 47 விழுக்காடு வேலையாக மாறும், 8 ஆயின் 56, 10 ஆயின் 60. நடைமுறையில் ஏறத்தாழ இதில் பாதியே கிட்டும். நெருக்கி எரித்த வாயு அதிகமாக விரிந்து, தணிந்த பின்னரே வெளியேறுகிறது. ஆகவே விகிதம் கூடினால் புகையின் சூடு குறையும். எரியும் கணத்தின் சூடோ மிகும்.

அப்படியாயின் பெட்ரோல் எஞ்சினில் விகிதத்தை 20 ஆக்கலாகாதா? ஆகாது. பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேருமுன்பே, மூலையிலுள்ள கலவை தானே வெடித்துவிடும். உலோகத்தைத் தட்டுவது போன்ற அவ்வொலியை 'நாக்கிங்' என்பர். சுவரை ஒட்டிப் போர்வை போல் நிற்கும் வாயுப் படலம் அந்த அதிர்ச்சியில் கலைய, வெப்பம் நேரே உலோகத்தினுள் பாயும்; பிஸ்டனின் தலை உருகித் துளைபடுவதும் உண்டு. 1920களில் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்து இதனைத் தடுத்தனர். மக்களின் மூச்சில் நஞ்சு கலந்ததே அதற்கு நாம் கொடுத்த விலை; 2000ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் அது கைவிடப்பட்டது. டீசல் எஞ்சினோ காற்றை மட்டுமே நெருக்குவதால் 15, 20 வரை செல்ல இயலும். 500 பாகைக்கு மேல் காய்ந்த அக்காற்றில் தெளித்தவுடன் எண்ணெய் பற்றிக்கொள்ளும்.

மே மாதத்தில் பழைய காரில் நாகபுரி வழியாக ஊருக்குப் புறப்படும் நண்பர்களுக்கு இது ஏட்டுச் செய்தியன்று. வெளிக்காற்றே 45 பாகை. உள்ளே படிந்த கரி இடத்தைக் குறைத்து விகிதத்தையும் உயர்த்தியிருக்கும். புதிய வண்டிகள் பலவற்றில் ஓர் உணர்கருவி நாக்கிங்கை அறிந்து பொறியைத் தாமதப்படுத்தும். பழையவற்றில் நம் செவியே காவல். நாம் வாங்கிய பழைய கார் ஒன்றில், வேகத்துக்காக முன்பே 'ஹெட்'டைச் சீவியிருந்தார்கள். விற்றவர் அதைச் சொல்லவில்லை. ஏற்றத்தில் கேட்ட ஒலியைப் பொருட்படுத்தாமல் ஓட்டினோம். அன்றே ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்திக் கியரைக் குறைத்திருந்தால், ஒரு பிஸ்டன் தப்பியிருக்கும்.