டிக்கெட்டில் உள்ள பயண நேரமே உங்கள் உரிமையின் அளவு

சென்னைக்கும் மும்பைக்கும் வான்வழித் தூரம் ஏறக்குறைய 1,030 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் ஜெட் விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்று தோன்றும். ஆனால் டிக்கெட்டில் இரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். நிறுத்துமிடத்திலிருந்து நகர்வது, ஓடுபாதைக்குக் காத்திருப்பது, மேலேறுவது, இறங்க அனுமதி கிடைக்கும்வரை வானில் வட்டமடிப்பது, மறுபடி நிறுத்துமிடத்தில் வந்து நிற்பது என எல்லாம் அதில் அடக்கம். விமானத் துறையில் இதற்கு ‘பிளாக் டைம்’ என்று பெயர். நம்மில் பலர் கண்டுகொள்ளாத இந்த நேரம்தான், விமானம் ரத்தானாலோ தாமதமானாலோ நமக்கு என்ன கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிப்படி, 24 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்காமல் விமானத்தை ரத்து செய்தால், மாற்று விமானமோ முழுப் பணமோ தருவதோடு இழப்பீடும் தர வேண்டும். பயண நேரம் ஒரு மணி வரை என்றால் 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதைவிடக் குறைவென்றால் அதுவே கிடைக்கும். தாமதத்திலும் பயண நேரமே அளவுகோல். இரண்டரை மணி வரையிலான பயணத்துக்கு இரண்டு மணி நேரத் தாமதத்திலேயே உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். டெல்லி போன்ற நீண்ட பயணத்துக்கு மூன்று மணி நேரம் ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இழப்பீட்டுக்குத் தூரமே அளவுகோல்: 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ. தூரம் மாறாது. ஆனால் பயண நேரத்தை விமான நிறுவனமே அட்டவணையில் குறிக்கிறது. ஐந்து நிமிட வித்தியாசத்தில் மும்பைப் பயணி 7,500 பிரிவிலிருந்து 10,000 பிரிவுக்குப் போகலாம். அதனால்தான் பதிவு செய்த அன்றைய டிக்கெட்டைப் பத்திரப்படுத்துவது அவசியம்.

மூடுபனிக்கும் புயலுக்கும் நிறுவனம் என்ன செய்யும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், வானிலை, பாதுகாப்பு அச்சுறுத்தல் போன்ற காரணங்களுக்கு விதியே இழப்பீட்டிலிருந்து விலக்கு தருகிறது. ஆனால் எல்லா முயற்சியும் எடுத்தும் தவிர்க்க முடியாத சூழலுக்கே அந்த விலக்கு. வாய்வார்த்தையாகச் சொல்லும் காரணத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தாமதமாகக் கிளம்பினாலும் நேரத்துக்கு இறங்கிவிட்டோமே என்ற பதிலும் எடுபடாது. அட்டவணையிலேயே கூடுதல் நிமிடங்கள் வைத்திருந்தால் நேரத்துக்கு இறங்குவது எளிது. விதி தாமதத்தைக் கணக்கிடுவது புறப்பாட்டு நேரத்தை வைத்துத்தான்.

செய்ய வேண்டியவை சிலவே. ஏஜென்ட் மூலம் டிக்கெட் எடுத்தாலும் உங்கள் கைப்பேசி எண்ணையே கொடுங்கள். சரியான தொடர்பு விவரம் தராதவருக்கு இழப்பீடு கிடையாது. டிக்கெட், போர்டிங் பாஸ், தாமதம் குறித்து வந்த குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் விமான நிறுவனத்திடமும், பிறகு மத்திய அரசின் ‘ஏர்சேவா’ தளத்திலும் புகார் கொடுங்கள். அங்கும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். தொகை சிறிது என்று விட்டுவிடாதீர்கள். கேட்பவர் பெருகினால்தான் விதி நடைமுறைக்கு வரும்.