கொடுவாய்த் தூண்டிலும் செயற்கை இரைகளும்

கொடுவா என்பது கழிமுகங்களிலும் அலையாத்திக் கால்வாய்களிலும் வாழும், பெரிய வாயுடைய ஊனுண்ணி மீன் ஆகும். இதன் அறிவியல் பெயர் லேட்டசு கல்கரிஃபர். கடலூர் முதுநகரை ஒட்டிய உப்பனாறு, பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கும் வெள்ளாறு, சிதம்பரத்துக்குக் கிழக்கேயுள்ள பிச்சாவரம் ஆகிய இடங்கள் இம்மீனுக்கு ஏற்ற உவர்நீர்ப் பகுதிகள். அமெரிக்கர்கள் ஏரிகளில் தேடித் தேடிப் பிடிக்கும் பெருவாய் பாசு மீன் இந்தியாவுக்கு உரியதன்று. ஆனால் அதைப் பிடிக்க உருவான இரைகளும் உத்திகளும் கொடுவாய்க்கு நன்றாகப் பொருந்துகின்றன. இரண்டும் மறைவிடத்தில் காத்திருந்து, வாயை அகலத் திறந்து இரையை நீரோடு உறிஞ்சுபவை.

இடமும் நேரமும்

இரையைவிட நீரோட்டமே முக்கியம். நீர் ஏறும்போது மடவைக் குஞ்சுகளும் இறால்களும் அலையாத்தி வேர்களுக்குள் புகுந்துவிடும். வற்றம் தொடங்கியதும் சிறு ஓடைகள் வழியாக அவை வெளியேறியாக வேண்டும். அந்த ஓடை வாயில்தான் கொடுவா நிற்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றவற்றம் கூடுதலாக இருப்பதால் இழுப்பும் நன்றாக இருக்கும். நீர் அசையாமல் நிற்கும்போது எவ்வளவு விலையுயர்ந்த இரையை வீசினாலும் பெரும்பாலும் கை வலிதான் மிஞ்சும்.

இரைகள்

சிறுமீன் வடிவக் கட்டை இரை பரவலாகப் பயன்படுகிறது. பின்லாந்தைச் சேர்ந்த லௌரி ரப்பாலா 1936இல் செதுக்கிய மிதவை இரை இவ்வகையில் புகழ்பெற்றது. அடிபட்ட மீன்போல் அது தள்ளாடி நீந்தும். கலங்கல் நீரில் மென்மையான ரப்பர் இறால் நல்லது. விடியற்காலையிலும் மாலையிலும் நீர்மட்டத்தில் ‘பளக்’ என்று ஒலியெழுப்பும் பாப்பர் பயன்படும். வீராணம் போன்ற நன்னீர் ஏரிகளில் விராலுக்கு ரப்பர் தவளை வீசுவார்கள். முள் அதன் முதுகோடு ஒட்டியிருப்பதால் பாசியில் சிக்காது.

வீசும் முறை

இரை வேருக்கு எவ்வளவு அருகில் விழுகிறதோ அவ்வளவு நல்லது. விழுந்ததும் சுருட்டக் கூடாது. சற்று மூழ்கவிட்டு, கழி நுனியால் இரண்டு முறை சுண்டி, பிறகு நிறுத்த வேண்டும். கொடுவா பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் அடிக்கும். புதியவர்கள் பொறுமையிழந்து சுருட்டிவிடுவதும் அப்போதுதான். மாட்டியவுடன் மீன் வேருக்குள் ஓடப் பார்க்கும், அல்லது துள்ளித் தலையை உதறும். துள்ளும்போது கழியைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். செவுள் மூடியின் விளிம்பு கத்திபோல் அறுக்கும். எனவே முதன்மை நரம்பின் முனையில் தடித்த நரம்புத் துண்டு ஒன்றை இணைப்பது கட்டாயம்.

பெரிய மீனை விடுவது ஏன்?

கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன். ஆகவே படமெடுக்கத் தோன்றும் மிகப்பெரிய மீன்கள் ஏறத்தாழ அனைத்தும் முட்டையிடும் தாய்கள். ஒரு பெரிய தாய் பல இலட்சம் முட்டைகள் இடும். ஆஸ்திரேலியாவின் குயின்சுலாந்து மாநிலம் இதனால்தான் 58 செ.மீ.க்குக் குறைந்தவற்றை மட்டுமன்றி 120 செ.மீ.க்கு மேற்பட்டவற்றையும் பிடித்துவைக்கத் தடை விதித்துள்ளது. நம் கழிமுகங்களில் தூண்டில் பொழுதுபோக்கினர் இவ்வழக்கத்தைத் தாமாகவே ஏற்பது நல்லது. வலைவீசிப் பிழைப்பவருக்கு அந்த ஒரு மீன் பல நாள் வருமானம். அவரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

‘பெருவாய் பாசையே இங்கு கொண்டுவந்தால் என்ன?’ என்ற ஆசையும் சிலருக்கு உண்டு. ஜப்பான் 1925இல் அதைக் கொண்டுவந்தது. அது ஏரிகளெங்கும் பரவி உள்ளூர்ச் சிறுமீன்களைத் தின்றது. இன்று அதை உயிருடன் கொண்டுசெல்வதற்கே அங்கு தடை இருக்கிறது.

பிச்சாவரம் காப்புக்காடு, 2022இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆகவே வனத்துறையிடம் கேட்காமல் உள்ளே தூண்டில் போடக் கூடாது.

விடுவிக்க எண்ணுபவர்கள் மூமுள்ளுக்குப் பதில் கொக்கிமுனை நசுக்கிய ஒற்றை முள்ளை மாட்டலாம். மீனைத் தாடையில் மட்டும் தூக்கித் தொங்கவிடாமல், வயிற்றையும் ஈரக்கையால் தாங்க வேண்டும். பின் ஓட்டத்தை எதிர்நோக்கி நீருக்குள் பிடித்திருந்தால், மூச்சு திரும்பியதும் அது தானே வாலை உதறிப் போய்விடும்.