கோழிக்குக் கணக்கு... கிளிக்கு மிச்சமா?

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவரிடம் தீவனத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். மக்காச்சோளம் எத்தனை பங்கு, சோயா எத்தனை பங்கு, சுண்ணாம்புச்சத்து எவ்வளவு என்று விரல்நுனியில் வைத்திருப்பார். ஆனால் அதே ஊரில், வீட்டுக் கூண்டில் இருக்கும் கிளிக்கு என்ன தீனி என்று கேட்டால், பால்சோறு, முறுக்கு, ஒரு கை சூரியகாந்தி விதை என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

கோழிக்குத் தீவனம் சரியில்லை என்றால் முட்டை குறைந்து காட்டிக்கொடுத்துவிடும். கிளி அப்படியல்ல. நோயைக் கடைசிவரை மறைப்பது அதன் இயல்பு. உடம்பை உப்பிக்கொண்டு கூண்டின் மூலையில் உட்காரும்போது, நோய் முற்றியிருக்கும்.

எந்தக் கிளி?

நம் வயல்களில் பறக்கும் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டில் இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கும் பட்ஜெரிகர், காக்டெயில் போன்ற வெளிநாட்டு இனங்களை வளர்க்கலாம். சன் கன்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்கா போன்றவற்றை, 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் 'பரிவேஷ்' தளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

விதை மட்டும் போதாது

சூரியகாந்திப் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. தினையில் 100 கிராமுக்கு 4 கிராம் அளவுதான். காட்டுக்கிளி இரை தேடிப் பல கிலோமீட்டர் பறந்து கொழுப்பைக் கரைத்துவிடும். கூண்டுக்கிளிக்கு அது கல்லீரலில் படியும். விதைகளில் வைட்டமின் ஏ-யும் கால்சியமும் மிகக் குறைவு. வைட்டமின் ஏ குறைந்தால் வாய், மூக்கு, மூச்சுக்குழாயின் உட்தோல் தடித்துக் கிருமித்தொற்றுக்கு வழிவிடும். சாம்பல் கிளிக்குக் கால்சியம் குறைந்தால் வலிப்பே வரும்.

மருந்து நம் சந்தையிலேயே இருக்கிறது. முருங்கைக்கீரை, அரசாணிக்காய், கேரட், பப்பாளி, முளைகட்டிய பச்சைப்பயறு. மிளகாயும் கொடுக்கலாம். அதன் காரத்தை உணரும் அமைப்பு பறவைகளுக்கு இல்லை. சத்து மட்டும் சேரும். பெரிய கிளிகளுக்குப் பாதிக்கு மேல் கிளிகளுக்கான பெல்லட் தீவனம், மீதியில் பெரும்பங்கு காய், கீரை. பழமும் கொட்டைகளும் கொஞ்சம். லவ் பேர்ட்ஸுக்கும் காக்டெயிலுக்கும் தினை, சாமை, கம்பு கூடுதலாக இருக்கலாம். அதுவே முழுச் சாப்பாடு ஆகக் கூடாது.

கையருகே மூட்டையாக இருக்கிறதே என்று முட்டைக்கோழித் தீவனத்தை அள்ளிப் போடாதீர்கள். தினமும் ஓடு கட்டும் கோழிக்காக அதில் சேர்க்கும் கால்சியம், கிளியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பூஞ்சை என்னும் எதிரி

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்ததே காரணம் என்று பிறகு தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்ற நச்சு உலகுக்கு அறிமுகமானது அப்படித்தான். நாமக்கல் பண்ணைக்காரர்களுக்குப் பழகிப்போன பெயர் அது. மக்காச்சோளத்தையும் பிண்ணாக்கையும் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்த பிறகே தீவனம் அரைப்பவர்கள் உண்டு. கிளிக்குப் போடும் கடலைக்கு மட்டும் யாரும் சோதனை கேட்பதில்லை. சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எதையும் போடாதீர்கள். வறுத்தாலும் இந்த நச்சு முழுதாகப் போகாது.

கூண்டுக்குள் போகக் கூடாதவை

ஏற்காட்டிலிருந்து இறங்கிவரும் பட்டர் ஃப்ரூட் நமக்குச் சத்து. அதிலுள்ள பெர்சின் என்ற பொருள் கிளியின் இதயத்தைத் தாக்கும். ஓரிரு நாளில் உயிர் போகலாம். அதே மலையின் காபியும் ஆகாது. ஆத்தூர் வட்டாரத்து மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாகக் கொடுத்தால் சயனைடு ஆபத்து. சாக்லேட், வெங்காயம், பூண்டு, உப்புச் சேர்ந்த வத்தல், அப்பளம், முறுக்கு எதுவும் வேண்டாம்.

மாற்றுவது எப்படி?

விதைக்குப் பழகிய கிளி, புது உணவை உணவென்றே நம்பாது. பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவர நினைத்தால் செத்துப்போகும். காலையில் பசி எடுக்கும் நேரத்தில் நறுக்கிய காயும் கீரையும், பிறகு விதை என்று சில வாரங்களில் மெல்ல மாற்றுங்கள். கோடையில் நறுக்கிய காய், பழத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விடாதீர்கள். தண்ணீரை இரு வேளையும் மாற்றுங்கள்.

பண்ணைக்காரர் காலையில் முதலில் பார்ப்பது எச்சத்தை. கிளிக்கும் அதுவே முதல் சோதனை. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். 90 கிராம் காக்டெயில் 10 கிராம் இளைத்தால், ஒன்பதில் ஒரு பங்கு உடம்பு போய்விட்டது என்று பொருள். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. தீவனக் கணக்கில் தேர்ந்த இந்த ஊருக்கு, ஒரு கிளியின் கணக்கு கூடுதல் வேலையே இல்லை.