தாயின் சொத்தும் மகளின் மணமும்

ஆறுமுகநேரி உப்பளங்களில் தாயும் மகளும் சேர்ந்து உப்புச் சுமப்பதைக் காண்கிறோம். மகள் தன் மனத்துக்கிசைந்தவனை மணக்க விரும்பினால், அதை முதலில் அறிபவள் தாயே. மணத்திற்கு இசையும் விலையாக அண்ணன்மார் விடுதலைப் பத்திரம் நீட்டும்போது வாயடைத்து நிற்பவளும் அவளே. காதல் மணம் பங்கைப் பறிக்கும் என்பது வீண் அச்சம். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தாய் உயில் எழுதாது மறைந்தால் மகனுக்குள்ள பங்கே மகளுக்கும் உண்டு. (மருமகனைப் பிடிக்காத மாமியார் உயில் எழுதிவிட்டால் அது வேறு!) பூர்விகச் சொத்தில் தமிழ்நாடு 1989-இல் வழங்கிய உரிமை, அதற்குமுன் மணமான பெண்களுக்குக் கிட்டவில்லை, 2005-ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம் அக்குறையைப் போக்கிற்று. ஆகவே அங்கத்தினர்களான தாய்மாரே, மகள் கையொப்பமிடுமுன் அப்பத்திரத்தை வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.