பழைய மோட்டார் வண்டியில் மின் அழுத்தக் குறைவு

சென்ற மார்கழியில் ஒரு நாள், சென்னையிலிருந்து ரயிலில் வந்த மாமனாரை அழைத்துவரப் போபால் நிலையத்துக்கு விடியற்காலையில் புறப்பட்டோம். நமது வண்டி இருபது ஆண்டுகளைக் கடந்தது. சாவியைத் திருப்பியதும் 'டிக்' என்ற ஓசை மட்டுமே எழுந்தது. முகப்பு விளக்குகள் மங்கிப்போயின. முதியவர் குளிரில் ஒரு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. இத்தனைக்கும், பட்டறைக்காரர் ஒருவரின் சொல்லைக் கேட்டுப் பதினைந்து நாட்களுக்கு முன்புதான் புதிய பாட்டரி வாங்கியிருந்தோம்.

மின்சாரம் குறைந்தால் பாட்டரியையே குற்றவாளியாக்குவது வழக்கமாகிவிட்டது. ஆனால் பாட்டரி ஒரு நீர்த்தொட்டி போன்றது. குழாயில் நீர் வராததற்குத் தொட்டி வற்றியது காரணமாகலாம். தொட்டியை நிரப்பும் பம்பு பழுதாகியிருக்கலாம். குழாய் அடைபட்டும் இருக்கலாம். இவற்றுள் எது என்பதை அறிய ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

முதற் சோதனை, வண்டி இரவு முழுவதும் ஓய்ந்து நின்ற பின் செய்யவேண்டியது. பாட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். ஆகவே 12.6 வோல்ட் காட்டினால் பாட்டரி நிறைந்துள்ளது, 12.2 என்றால் பாதியளவே உள்ளது. 12-க்குக் கீழே போனால் பெரும்பாலும் வற்றிவிட்டது.

இரண்டாவது, ஒருவர் ஸ்டார்ட்டரை இயக்கும்போது மற்றொருவர் மீட்டரைக் கவனிப்பது. நிறைந்த பாட்டரியும் இவ்வேளையில் 9.6 வோல்ட்டுக்கு வெகுவாகத் தாழ்ந்தால், பாட்டரி நலிந்திருக்கலாம். அல்லது ஸ்டார்ட்டர் மிகுதியான மின்சாரத்தை இழுக்கலாம். குளிரில் பாட்டரியின் வலு குன்றுவதோடு எஞ்சின் எண்ணெயும் கெட்டிப்படுவதால், மறைந்திருந்த குறைகள் மார்கழியில் வெளிப்படுகின்றன.

மூன்றாவது, எஞ்சின் ஓடும்போது அளப்பது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருத்தல் நலம். அதற்குக் குறைந்தால் முதலில் பான் பெல்ட் தளர்ந்துள்ளதா என்று பாருங்கள். பிறகே ரெகுலேட்டரைச் சந்தேகிக்கலாம். அம்பாசிடரின் பழைய மாதிரிகளைப் போல டைனமோ பூட்டிய வண்டிகளில், எஞ்சினின் வேகத்தைச் சற்றுக் கூட்டிய பிறகே அளக்கவேண்டும். மெதுவாக ஓடும்போது டைனமோ போதிய மின்சாரம் தருவதில்லை.

நான்காவது சோதனையைப் பலரும் மறந்துவிடுகின்றனர். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும், மற்றதை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியிலும் வைத்து ஸ்டார்ட்டரை இயக்குங்கள். இணைப்பு நன்றாயிருந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது, வழியில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலும் 1.5 வோல்ட் வீணாகிவிடும். நம் வண்டியில் நிகழ்ந்தது இதுவே. எஞ்சினையும் உடலையும் இணைக்கும் செப்புப் பட்டை களிம்பேறிக் கிடந்தது. அதனால் ஸ்டார்ட்டருக்கும் மின்சாரம் எட்டவில்லை. ஆல்டர்னேட்டர் தந்ததும் பாட்டரியை முழுமையாகச் சேரவில்லை. புதிய பாட்டரியும் பதினைந்தே நாட்களில் வற்றியது. பட்டையைக் கழற்றித் தேய்த்துப் பூட்டியதும் குறை நீங்கியது.

சில எச்சரிக்கைகள்: பாட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு வெளிவரக்கூடும்; அருகில் நெருப்புக் கூடாது. மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். கம்பிகளைப் பிரிக்கையில் எர்த் கம்பியையே முதலில் பிரிக்கவேண்டும். பழைய வண்டிகள் சிலவற்றில் நேர்முனையே எர்த்தாக இருக்கும்; பார்த்துச் செய்க.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்குப் பட்டறையில் பேச மொழி தடையாவதுண்டு. மிஸ்திரி சொல்வது பாதி புரியும். மீதிக்குத் தலையசைத்துப் பணம் கொடுத்துவிட்டு வருகிறோம். நான்கு எண்களைத் தாளில் குறித்துக்கொண்டு செல்லுங்கள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் உறுதியாகச் சொல்வோம்: எண்களுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை.