முள்வேலியைப் பிளந்த பெங்களூர்

1998-இல் வெளியான 'சேவிங் பிரைவேட் ரயான்' படத்தின் தொடக்கச் சண்டை நினைவிருக்கிறதா? நார்மண்டிக் கடற்கரையில் குண்டுமழைக்கு நடுவே குப்புறக் கிடக்கும் அமெரிக்க வீரர்கள், 'பேங்களோர்' வேண்டும் என்று கத்துவார்கள். நம் ஊர்ப்பெயர் அங்கே எப்படிப் போனது?

அவர்கள் கேட்டது 'பேங்களோர் டார்பிடோ'. முள்கம்பி வேலியைத் தகர்க்கும் வெடிகுழாய். 1912-இல் பெங்களூரில், மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் இருந்த கேப்டன் மெக்ளின்டாக் இதை உருவாக்கினார். வேலியை வெட்ட ஆள் எழுந்து நின்றால் சுட்டுவிடுவார்கள். படுத்தபடியே வேலையை முடிக்க வேண்டும், அதற்குத்தான் இது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் கொண்டுபோன குழாய் ஒவ்வொன்றும் 5 அடி நீளம். உள்ளே சுமார் 4 கிலோ வெடிமருந்து. முதல் குழாயின் முனையில் மழுங்கிய மூக்கு ஒன்றை மாட்டுவார்கள், மண்ணில் குத்தி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போவதற்காக. பிறகு குழாயோடு குழாயைப் பொருத்தி, வேலிக்கு அடியில் தள்ளிக்கொண்டே போவார்கள். கடைசிக் குழாயில் திரி. வெடித்ததும் கம்பிகள் அறுந்து, ஆள் நுழைய வழி கிடைக்கும்.

சரி, தரையில் தள்ளும் குழாய்க்கு ஏன் டார்பிடோ என்று பெயர்? லத்தீனில் 'டார்பிடோ' என்றால் மரத்துப்போதல். தொட்டவரை மின்சாரம் பாய்ச்சி மரத்துப்போக வைக்கும் திருக்கை மீனுக்கு அந்தப் பெயர் வந்தது. அதிலிருந்து கடல் கண்ணிவெடிக்குத் தாவியது. நீருக்குள் தானே ஓடும் ஆயுதம் வருவதற்கு முன்பே அந்தச் சொல் வெடிபொருளுக்கு வழங்கிவந்தது.

பெங்களூர் இன்னொரு முறையும் ஆங்கிலத்தில் நுழைந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், வேலை இந்தியாவுக்குக் கைமாறியதால் வேலையிழந்த அமெரிக்கரை 'பேங்களோர்டு' என்றார்கள். வயிற்றெரிச்சலில் பிறந்த சொல் அது. முதல் சொல்தான் எனக்கு நெருக்கம். இங்கே நடந்த வேலைக்குக் கிடைத்த பெயர் அல்லவா?

2014 நவம்பர் 1 முதல் ஆங்கிலத்திலும் ஊர் 'பெங்களூரு' ஆகிவிட்டது. ஆயுதத்தின் பெயர் மாறவில்லை. அதை உருவாக்கிய மதராஸ் சாப்பர்ஸ் படை, பெங்களூரின் அல்சூர் ஏரிக்கரையில் இன்று மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பாக இருக்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என எந்த மொழி பேசினாலும் அதன் வீரர்களுக்கு ராணுவத்தில் 'தம்பி' என்றுதான் பெயர். 'பேங்களோர் டார்பிடோ' என்ற சொல்லின் பிறப்பைச் சொல்லும்போது அகராதிகள் பெரும்பாலும் ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொள்கின்றன. மதராஸ் சாப்பர்ஸ் என்ற பெயரையும் அங்கே ஒரு வரி சேர்க்க வேண்டும்.