பற்றைக்காடாகிய பழைய வளவு

மனிதன் கைவிட்ட நிலத்தை இயற்கை கைவிடுவதில்லை. ஆளில்லாத வளவிலே முதல் மழைக்குப் புல் முளைக்கும். மறு மழைக்கு எருக்கலை தலைகாட்டும். சில ஆண்டுகள் சென்றபின், வீடு நின்ற இடம் எது, கிணறு எது, வேலி எது என்று உரியவரே அறியாதபடி முட்பற்றை மூடிவிடும்.

மன்னார்த் தீவு இவ்வுண்மையை அனுபவத்தால் அறிந்தது. 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டி முதலிய தீவின் ஊர்களைச் சேர்ந்த குடும்பங்கள் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரையை அடைந்தன. போர்க்காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் பலவும் படகேறி இராமேஸ்வரம் சென்றன. 2009இல் போர் முடிந்தபின் திரும்பியோருள் பலர் கண்டது வீட்டையன்று; காட்டையே. அவ்வாறு மூடிக் கிடக்கும் ஒரு சிறு வளவை, 20 பேர்ச் நிலமேயாயினும், மீண்டும் தோட்டமாக்குவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கத்தி எடுக்குமுன்

தீவுக்கு அப்பால், பெருநிலப்பரப்பின் பல பகுதிகளில் கண்ணிவெடி அகற்றும் பணி நெடுங்காலம் நடைபெற்றது. ஆகையால், நெடுநாள் ஆள்நடமாட்டமின்றிக் கிடந்த நிலம் எதுவாயினும், முதலிற் கிராம அலுவலரிடம் விசாரித்து, ஐயமற்ற நிலம் என்று அறிந்த பின்னரே உள்ளே கால்வைக்க வேண்டும். ஐயத்துக்கிடமான பொருள் எதையேனும் கண்டால் தொடாது விலகி அறிவிப்பதே அறிவுடைமை.

அடுத்தது எல்லை. பழைய கதியால்களிற் சில பூவரசாகவோ கிளுவையாகவோ வளர்ந்து நிற்கும். வரிசையாக நிற்கும் பனைகளும் எல்லையைச் சொல்லும். உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு, அயலவரையும் அழைத்து, இருதரப்பாரும் ஒப்புக்கொண்ட இடத்திற் கயிறு கட்டுதல் நன்று. அவசரத்தில் வெட்டிய ஒரு கதியால் இரு குடும்பங்களைப் பல்லாண்டு நீதிமன்றப் படி ஏற்றிவிடக் கூடும். பாழ்ங்கிணறு இருக்குமிடத்தைத் தடியால் தட்டித் தேடி அறிந்து, அதைச் சுற்றி முதலில் வேலியடைத்தல் வேண்டும்.

எதை வெட்டுவது, எதை விடுவது?

முட்செடி யாவும் பகையல்ல. குடை விரித்தாற்போன்ற தலையுடன் நிற்கும் உடைமரம் இவ்வறண்ட கரைக்கே உரியது. அதன் பூ வெண்மையான சிறு உருண்டை. சீமைக் கருவேலோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதன் பூ இளமஞ்சள் நிறமான நீண்ட கதிர். 1877இல் அது இந்தியாவிற் புகுத்தப்பட்டது. இலங்கையில் 1950களில் அம்பாந்தோட்டைப் பகுதியில், உவர்நிலத்தைத் திருத்தும் நல்லெண்ணத்துடன் அதனை நட்டனர். விருந்தாளியாக வந்தது இன்று வீட்டுக்காரனாகிவிட்டது. மன்னாரை அடுத்து, பறவைகளுக்குப் பேர்போன வங்காலைச் சரணாலயத்திலும் அது புகுந்துள்ளது.

அதன் காய் இனிப்பானது. ஆடு, மாடு, கழுதை யாவும் விரும்பித் தின்னும். விதையோ செரிக்காமற் சாணத்துடன் வெளிவந்து முன்னிலும் எளிதாக முளைக்கும். கட்டாக்காலிகள் உலாவும் மன்னார் நகரில், வேலியில்லாத வளவு இம்மரத்துக்கு நாற்றுமேடையே ஆகும்.

வெட்டுதல் போதாது

இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். ஒரே நாளில் ஆட்களை விட்டு நிலமட்டத்தில் வெட்டிச் சாய்ப்பர். வளவு வெளித்துவிட்டதென்று மகிழ்வர். அடுத்த மாரி முடியுமுன், ஒரு தண்டு நின்ற இடத்திற் பல தண்டுகள் எழுந்து நிற்கும். மண்ணுக்குச் சற்றுக் கீழே, வேரும் தண்டும் சேரும் கழுத்திலே உறங்கும் மொட்டுகள் இருப்பதே இதன் காரணம். ஆகவே அடிமரத்தைச் சுற்றிக் கிடங்கு வெட்டி, அக்கழுத்து முழுவதும் வெளிவரும்படி ஒரு முழ ஆழத்திலேனும் வேரை அறுத்து, அலவாங்கால் நெம்பி எடுத்துவிட வேண்டும். ஆணிவேர் முழுவதையும் தோண்ட முயல்வது வீண். இக்குடும்பத்து மரமொன்றின் வேர் அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள சுரங்கமொன்றில் 53 மீற்றர் ஆழத்திற் காணப்பட்டதென்று 1963இல் எழுதியுள்ளனர். கழுத்தை எடுத்துவிட்டால் அடியில் எஞ்சிய வேர் தானே மடியும்.

வெட்டிய மரம் நல்ல விறகு. எதிர்க்கரையான இராமநாதபுரத்தில் அதைக் கரியாக்கிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. முள்ளும் தூரும் மட்டும் ஒதுக்கமாகக் குவித்து எரிக்கத்தக்கவை. அதுவும் சோளகம் வீசும் நாளில் ஆகாது. ஒரு பொறி அயல்வீட்டுக் கிடுகு வேலியைப் பற்றிக்கொள்ளும்.

நீரின் கணக்கு

தீவின் மணலுக்கடியில் மழையால் வந்த நன்னீர், கனத்த உப்புநீரின்மேல் ஒரு படலமாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்குமேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும் என்பது நிலநீர் ஆராய்ந்தோர் கண்ட பொதுக்கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே 40 அடி குறையும் என்பதும் அக்கணக்கிலேயே அடங்கும். எனவே நீர் போதவில்லை என்று கிணற்றை ஆழமாக்குவதும், இயந்திரம் வைத்து நாள்முழுதும் இறைப்பதும் உவரை வலிந்து அழைப்பதாகும். பாழ்ங்கிணற்றைத் தூர்வாரிச் சிறிது சிறிதாக இறைத்தல் நன்று. காலையும் மாலையும் அளவாக ஊற்றினால் சிறு தோட்டத்துக்குப் போதும்.

மணலுக்கு உணவு

மன்னார் மணல் நீரையும் தாங்காது, பசளையையும் தாங்காது. அதற்குத் தழையே மருந்து. பூவரசங் குழை, ஆட்டெரு, கரையில் ஒதுங்கும் சாதாளை ஆகியவற்றைத் தாழ்க்கலாம். சாதாளையை ஒரு மாரி மழையில் நனையவிட்டு உப்பு நீங்கியபின் இடுதல் வேண்டும். ஆட்டெருவைக் குவித்து நன்றாக மக்கவைத்தே இடுக. பச்சையாக இட்டால், நாம் பிடுங்கிய மரத்தின் விதையை நாமே விதைத்தவராவோம்.

ஆவணி, புரட்டாதியில் நிலத்தைத் திருத்தி வைத்தால் ஐப்பசி மழை வீணாகாது. முதலாண்டில் முருங்கைத் தடிகளும், ஒரு பாத்தி கத்தரியும், ஒரு பாத்தி பயற்றையும் போதும். ஆசைப்பட்டு வளவு முழுவதும் நடுவோர் கோடையில் நீரின்றி வாடுவர்.

மழைக்குப் பின் மண்ணிற் கிடக்கும் பழைய விதைகள் முளைக்கும். விரல்நீள நாற்றாக இருக்கையில் ஒரு சிறுவனின் இரு விரல் போதும். ஓராண்டு விட்டால் கோடாலி வேண்டும். பாடசாலை செல்லும் பிள்ளைகள் வாரமொருமுறை வளவைச் சுற்றிவந்து பிடுங்குவராயின், அவ்வேலையே தந்தையின் பல நாட் கூலியை மிச்சப்படுத்தும். இவ்வாறு சில ஆண்டு தொடர்ந்து செய்தல் வேண்டும். விதை மண்ணில் நெடுநாள் உறங்கவல்லது.

நிலத்தைத் துப்புரவாக்குதல் ஒருநாட் கூலிவேலையன்று. மீண்டும் இங்கே ஆள் இருக்கிறது என்பதை நிலத்துக்கு நாள்தோறும் உணர்த்துவதே அது. கத்தி வெளியாக்கிய வளவு ஒரு மாரிக்கே நிற்கும். நாள்தோறும் கால்பட்ட வளவே குடும்பத்துக்கு நிலைக்கும்.